நான்கில் ஐந்து

அந்த நாட்களில் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் நான் கேட்ட துஆ ஒன்றுதான்: என் தங்கச்சி என்னுடைய விளையாட்டில் தோற்றுக்கொண்டே இருக்க வேண்டும். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்வதென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் கல்முனையில் ஒரு தனியார் வகுப்பில் கணினி படிப்பிக்கிறவன். வகுப்பு இல்லாத நேரங்களில் ஒரு விளையாட்டு எழுதினேன். எழுதினேன் என்றுதான் சொல்ல வேண்டும், அதில் படமும் இல்லை, சுடுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. போனில் கொஞ்சம் கதை வரும். கீழே இரண்டு மூன்று தெரிவுகள் வரும். எதைத் தொடுகிறோமோ அதன்படி கதை திரும்பும். இப்படியான தமிழ் விளையாட்டுகளுக்கு இணையத்தில் ஒரு போட்டி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அனுப்பினேன். பல நாடுகளில் இருக்கும் வாசகர்கள் நடுவர்களாகப் பதிந்துகொள்வார்கள். ஐந்து வாரம் எல்லா விளையாட்டுகளையும் விளையாடிப் பார்த்துப் புள்ளி போடுவார்கள்.

என்னுடையது தங்கச்சிக்கு வீடு கட்டுகிற ஒரு காக்காவின் கதை; காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். வெளியூர்க்காரருக்கு இந்த வீட்டு வழக்கத்தையும் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் முடிப்பது. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். வீடு பெண்ணுடையது. ஆகவே தங்கச்சி உள்ளவன் முதலில் அவளுக்குச் சுவர் எழுப்ப வேண்டும், தனக்குப் பெண் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு. வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப் போனபோது எங்கள் வீட்டு வளவில் கிழக்குப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அத்திவாரம் நான் போட்டேன். புளொக்கல் நான் இறக்கினேன். மேசன் வராத நாட்களில் சாந்து குழைத்து நானே இரண்டு வரி கல் வைத்துப் பார்த்து, அடுத்த நாள் மேசன் அதைத் தட்டிவிட்டுத் திரும்ப வைத்ததும் உண்டு. சுவர் எழும்பி நிற்கிறது. கூரை இன்னும் இல்லை. கூரை இல்லாத வீட்டைப் பார்க்க எந்த மாப்பிள்ளை வீட்டாரும் வரமாட்டார்கள்.

விளையாட்டிலும் அதேதான். காலையில் எழும்ப வேண்டும், மணல் லொறிக்காரனைப் பிடிக்க வேண்டும், மேசனைத் தேடி வீட்டுக்குப் போக வேண்டும், மழைக்கு முன்னால் சீமெந்தை மூட வேண்டும். எப்படி விளையாடுகிறோம் என்பதைப் பொறுத்து ஐந்து முடிவுகளில் ஒன்று வரும். எத்தனை முடிவு கண்டோம் என்று திரையின் அடியில் ஒரு வரி காட்டும்படியும் செய்திருந்தேன். ‘ஐந்தில் ஒன்று’, ‘ஐந்தில் இரண்டு’ என்று அது ஏறிக்கொண்டு போகும். விளையாடுகிறவர் விட்டுவிட்டுப் போகாமல் இருக்க நான் செய்த கெட்டித்தனம் அது. அந்தக் கெட்டித்தனத்துக்கு என்னை நானே செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

நான்கு முடிவுகளில் வீடு முடியும். சீக்கிரமாகவோ, பிந்தியோ, கடைசி நிமிடத்திலோ, எப்படியோ கூரை ஏறும். ஐந்தாவதில் ஏறாது. அதில் காக்கா வேலையை விட்டுவிட்டு, வெளிநாட்டு வேலைக்கு வந்த அழைப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறான். அந்த முடிவை நான் எழுதியது ஒரு நாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு. மேசன் மூன்றாவது கிழமையாக ஏமாற்றியிருந்தான். டோஹாவில் இருக்கும் கூட்டாளி வரச் சொல்லிக் கேட்ட வேலைக்கு முடியாது என்று அன்று காலைதான் பதில் போட்டிருந்தேன். அந்த எரிச்சலோடு எழுதிய வரி இது: ‘முதுகில் கட்டியிருந்த கல்லை எங்கள் ஒழுங்கை தெருவில் சேரும் முனையில் இறக்கி வைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.’

எழுதி முடித்ததும் எரிச்சல் அடங்கியது, தேத்தண்ணி குடித்தேன், அடுத்த வேலையைப் பார்த்தேன். அந்த முடிவு அங்கேயே இருந்தது. போட்டிக்கு அனுப்பும்போது அதை வேறொருவன் எழுதியது போல ஒருதரம் வாசித்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். தங்கச்சி விளையாடுவாள் என்று ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். தோன்றவில்லை. எங்கள் வீட்டில் நான் கணினியில் செய்வதை யாரும் திரும்பிப் பார்த்ததே கிடையாது.

போட்டி திறந்த அன்று மாலை அவள் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“காக்கா, உங்கட வெளாட்ட எடுத்திட்டன். அஞ்சு முடிவும் காணாம விடமாட்டன். எங்கட பாலர் பள்ளி டீச்சர்மாருக்கும் காட்டின நான்.”

எனக்கு அந்தக் கல் வரி நினைவுக்கு வந்தது. அவள் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். சின்னப் பிள்ளைகளோடு இருந்து இருந்து வந்த பொறுமை அவளுக்கு நிறைய. ஒரு ஊசிக்குள் நூல் போகவில்லை என்றால் போகும் வரை இருப்பாள். அவளாவது பாதியில் விடுவதாவது.

போட்டி விதிகளைத் தேடிப் பார்த்தேன். நடுவர் காலத்தில் விளையாட்டைப் புதுப்பிக்கலாமா என்ற கேள்விக்கு அங்கே நேரடியாகப் பதில் இருந்தது. விளையாட்டு நின்றுபோகிற, சிக்கிக்கொள்கிற மாதிரியான பிழைகளைத் திருத்தலாம், காரணம் சொல்லி அனுமதி எடுக்க வேண்டும். கதையையோ முடிவுகளையோ மாற்றக் கூடாது, முதல் வாரம் விளையாடிய நடுவரும் கடைசி வாரம் விளையாடுகிறவரும் ஒரே ஆக்கத்துக்குத்தான் புள்ளி போட வேண்டும். நியாயமான விதி. வேறொருவருடைய விளையாட்டாக இருந்தால் நானே அதற்காக வாதாடியிருப்பேன். ஆனாலும் போட்டியை நடத்துகிற பெண்மணிக்கு எழுதிக் கேட்டேன். ஒரு முடிவை மட்டும் எடுத்துவிடலாமா, எனக்கு அது திருப்தியாக இல்லை என்றேன். மிகவும் மரியாதையாக மறுத்துவிட்டார். திருப்தி இல்லாத முடிவு எல்லா எழுத்தாளருக்கும் ஒன்றாவது இருக்கும், போட்டி முடிவுகள் வந்த பிறகு விரும்பியபடி மாற்றிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்.

பிறகு நான் செய்தவை எல்லாம் சின்னப் பிள்ளை வேலை. வீட்டு இணைப்புப் பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டு லைன் இல்லை என்றேன். அவள் தன் போனுக்கு டேட்டா போட்டுக்கொண்டாள். கண் கெட்டுப்போகும் என்றேன். “நீங்க நாள் முழுக்க பாக்கிறீங்களே, ஒங்கட கண் கெடாதா?” என்றாள். அந்தத் தளத்தில் கள்ளன் இருக்கிறான், போனில் உள்ள படங்களை எடுத்துவிடுவான் என்றுகூடச் சொன்னேன். உம்மா அதை நம்பித் தன் போனை அணைத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டார். தங்கச்சி சிரித்தாள்.

எனக்கு இருந்த ஒரே ஆறுதல், அந்த முடிவுக்குப் போகிற வழி. காலையில் எழும்பியதும் வரும் தெரிவுகளில் கடைசியாக ‘இன்று வேலை வேண்டாம்’ என்று ஒன்று உண்டு. மூன்று நாள் தொடர்ந்து அதைத் தொட்டால்தான் அந்தப் பாதை திறக்கும். தனக்குக் கட்டுகிற வீட்டின் வேலையை எந்தப் பெண் மூன்று நாள் தொடர்ந்து நிறுத்துவாள்? தொடமாட்டாள், தொடமாட்டாள் என்று வகுப்பில் பாடம் நடத்தும்போதும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் தவறாக எழுதிய ஒரு நிரலைச் சரி என்று சொல்லி அனுப்பிய நாளும் உண்டு.

ஒவ்வொரு நாளும் சாப்பாட்டில் உட்காரும்போது, ஒன்றுமில்லாத மாதிரி, “எத்தினை கண்ட?” என்று கேட்பேன்.

“மூணுதான் காக்கா. மத்த ரெண்டும் எப்பிடி எடுக்கிற? கொஞ்சம் சொல்லித் தாங்களன்.”

“சொல்லித் தந்தா வெளாட்டா அது?”

“ஓம், அதும் சரிதான்.” சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை நான் அப்போது கவனித்தேனே தவிர விளங்கிக்கொள்ளவில்லை. மூன்று என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அடுத்த நாள் வரைக்கும் மூச்சு வரும், அவ்வளவுதான்.

இரண்டாவது வாரம் முடிகிற நேரம் ஒரு நடுவர் பிழை ஒன்று அறிவித்தார். எங்கேயோ தூரத்து நாட்டில் இருப்பவர். ஐந்தாவது முடிவைப் பற்றித்தான். கட்டியவன் காக்கா, பொருள் வாங்கியவன் காக்கா, ஆனால் அவன் ஊரைவிட்டுப் போகும்போதும் வீடு தங்கச்சியின் பெயரிலேயே காட்டுகிறது. அவனுடைய உடைமைகளில் வீடு ஓரிடத்திலும் வரவில்லை. அவனுக்கு வீட்டை விற்கும் தெரிவும் இல்லை. ஆகவே நிரலில் எங்கோ தவறியிருக்கிறது என்று அக்கறையாக எழுதியிருந்தார்.

வேறு நாளாக இருந்தால் அவருக்கு இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதியிருப்பேன். ஐயா, அது பிழை இல்லை, எங்கள் ஊரில் வீடு அப்படித்தான் என்று. அன்று அந்தக் கடிதம் எனக்கு வானத்திலிருந்து இறங்கிய ரஹ்மத்தாகத் தெரிந்தது. உடனே போட்டி நடத்துகிறவருக்கு எழுதினேன். நடுவர் சொல்வது சரி. வீட்டின் உரிமை தவறாகப் பதிவாகியிருக்கிறது. அந்த முடிவு அரைகுறையாக இருந்து தவறுதலாக உள்ளே போய்விட்ட ஒன்று, அதனால்தான் இந்தப் பிழை. அதை எடுத்துவிட அனுமதி தாருங்கள்.

முழுப் பொய். எங்கள் ஊரின் வழக்கத்தையே பிழை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வாப்பா உம்மாவின் வளவுக்குத்தான் வந்து வாழ்ந்தார். அவர் பெயரில் ஒரு கதவுகூட இருந்ததில்லை, அது அவருக்குக் குறையாக இருந்ததும் இல்லை. அதெல்லாம் தெரிந்தே எழுதினேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இரண்டு நாள் பதில் இல்லை. அந்த இரண்டு நாளும் வகுப்புக்குப் போகும் வழியில் பஸ் தரிப்பிடத்தில், சந்தைக்குள், பள்ளிவாசலில் செருப்பைக் கழற்றும் இடத்தில் என்று போனைத் திறந்து திறந்து பார்த்தேன். மூன்றாம் நாள் அனுமதி வந்தது. நடுவர் ஒருவரே அறிவித்த பிழை என்பதால் ஏற்றுக்கொள்கிறோம் என்றிருந்தது. மாற்றக் குறிப்பு ஒன்று எழுதச் சொன்னார்கள். ‘தவறுதலாக இடம்பெற்ற ஒரு முடிவு நீக்கப்பட்டது’ என்று எழுதினேன். அடியில் வரும் வரியில் ஐந்தை நான்காக மாற்றினேன். வகுப்பில் இருந்தபடியே ஏற்றினேன். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக் கதிரையில் சாய்ந்தேன்.

வீட்டுக்கு வந்தேன். தங்கச்சி அறைக்குள் அஸர் தொழுதுகொண்டிருந்தாள். அவளுடைய போன் சன்னல் விளிம்பில் சார்ஜில் கிடந்தது. புதிய பதிப்பு அவளுக்கும் வந்துவிட்டதா என்று பார்த்துவிடுவோம் என்று எடுத்துத் திறந்தேன். வந்திருந்தது. அடியில் இருந்த வரியை வாசித்தேன்.

‘நான்கில் ஐந்து முடிவுகளைக் கண்டுவிட்டீர்கள்.’

நிரல் எழுதுகிறவனுக்கு அது உடனே விளங்கும். மொத்தத்தை நான் மாற்றியிருந்தேன். அவள் கண்டதன் கணக்கு அவள் போனுக்குள் இருந்தது, அதை என்னால் மாற்ற முடியாது. மூன்று என்று அவள் சொன்னது பொய். எல்லாவற்றையும் கண்டிருந்தாள். போனை வைக்கவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல் நின்றேன். அவள் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து, தொழுகை உடுப்போடு வாசலுக்கு வந்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

“அஞ்சாவத எடுத்திட்டீங்க போல” என்றாள்.

“எப்ப கண்ட நீ?”

“ரெண்டாம் நாளே.”

“மூணு மூணு எண்டு சொன்னியே.”

“நீங்களா சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டிருந்தன்.”

அந்தப் பாதையை எப்படிப் பிடித்தாய் என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் இப்படிக் கேட்டேன். அவள் நிலத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“கதையில முதல் நாள்லயே ‘இன்று வேலை வேண்டாம்’ எண்டதத்தான் அமத்தின. உங்களப் பாக்கப் பாவமா இரிந்திச்சு. வெளாட்டிலயாவது ரெண்டு மூணு நாள் படுத்து எழும்பட்டும் எண்டு நெனச்சன்.”

நான் அழுதேன். அவளுக்கு முன்னால் நான் அழுதது வாப்பாவின் ஜனாஸாவுக்குப் பிறகு அன்றுதான். கல் என்று எழுதியது அந்த ஒரு நேரத்து எரிச்சல், அது நீ இல்லை, வல்லாஹி நீ இல்லை என்று என்னென்னவோ சொன்னேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“கல்லு எண்டு எழுதினதுக்கு எனக்குக் கோவமில்ல. பாரம் எண்டா பாரம்தானே, அது எனக்கும் தெரியும். ஆனா காக்கா, கல்ல ஒழுங்கை முனையில எறக்கி வெச்சிட்டுப் போறீங்க. மறுகா அந்தக் கல்லுக்கு என்ன நடந்த? திரும்பத் திரும்ப வெளாடிப் பாத்தன். எல்லாத் தெரிவையும் அமத்திப் பாத்தன். நீங்க பஸ் ஏறினத்தோட முடியிது. நான் எங்க போன?”

அதை நான் எழுதவே இல்லை. அந்த விளையாட்டில் மணலுக்கு நனைந்தது, காய்ந்தது, சலித்தது, சலிக்காதது என்று நிலைகள் வைத்திருந்தேன். மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் முடிவதுகூட இருந்தது. தங்கச்சிக்கு ஒரே ஒரு நிலைதான். ‘காத்திருக்கிறாள்.’ கூரை ஏறினால் அது ‘காத்திருக்கவில்லை’ என்று மாறும். ஐந்தாவது முடிவில் கூரை ஏறாதபடியால் அது மாறாமலே கிடந்தது. அதைப் பற்றி நான் யோசித்ததுகூட இல்லை.

“அந்த முடிவத் திரும்பப் போடுங்க” என்றாள். “போட்டு, நான் என்ன செஞ்ச எண்டும் எழுதுங்க.”

“இப்ப ஏலா. நடுவர் காலம். கதைய மாத்த விடமாட்டாங்க. போட்டி முடியட்டும், பிறகு எழுதித் தாறன்.”

“பிறகு” என்றாள். தொழுகை உடுப்பின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்: “கூரை போட்ட பிறகு. மாப்பிள்ள வந்த பிறகு. இப்ப போட்டி முடிஞ்ச பிறகு. எனக்கு எல்லாம் பிறகுதான்.”

அறைக்குள் போய்விட்டாள். நான் அங்கேயே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். மாலை மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை எழும்பவில்லை. போட்டி முடிய இன்னும் கிட்டத்தட்ட மூன்று வாரம் இருந்தது. ஒரு பொய்யைச் சொல்லி எடுத்த முடிவை இன்னொரு பொய்யைச் சொல்லித் திரும்பப் போடலாமா என்றுகூட யோசித்தேன். புத்தி அப்படித்தான் போகிறது, வெட்கம் கெட்டது.

மறுநாள் போட்டி நடத்துகிறவருக்கு உண்மையை எழுதினேன். நடுவர் அறிவித்தது பிழை அல்ல, எங்கள் ஊரில் வீடு பெண்ணுடையதுதான், அந்த முடிவு தவறுதலாக வரவில்லை, நான் வேண்டுமென்றே எழுதினேன், என் தங்கச்சி வாசித்துவிடக் கூடாது என்று பயந்து எடுத்தேன், போட்டியிலிருந்து விலகிக்கொள்கிறேன். அவர் இரண்டே வரியில் பதில் எழுதினார். விலகலை ஏற்கிறோம், இனி அது உங்களுடைய ஆக்கம், எதை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்றார். கடிந்து ஒரு சொல் இல்லை. கடிந்திருந்தால் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் தங்கச்சியைக் கூப்பிட்டேன். போட்டியிலிருந்து விலகிவிட்டதைச் சொன்னேன். ஐந்தாவது முடிவைத் திறந்தேன். காக்கா பஸ் ஏறுகிறான். அதற்குக் கீழே எழுத ஆசைப்பட்டேன், ஆனால் எதை எழுதுவது? வீட்டுக்கு என்ன வர்ணம் பூசுவது என்று அவளிடம் கேட்டிருக்கிறேன், தரைக்கு மார்பிளா சீமெந்தா என்று கேட்டிருக்கிறேன். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதாக எவ்வளவு தேடியும் நினைவு வரவில்லை.

“சொல்லு புள்ள. காக்கா போயிட்டான். வீடு முடியல்ல. மறுகா நீ என்ன செய்ற?”

யோசிப்பாள் என்று நினைத்தேன். யோசிக்கவில்லை. கேட்டதும் வந்துவிட்டது.

“நேர்சிங் படிக்க மட்டக்களப்புக்குப் போறன்.”

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“நேர்சிங்குக்கு எடுபட்ட கடிதம் வந்தயே. அத்திவாரம் போட்ட அண்டைக்குக் காலையிலதான் தபால்காரர் தந்த. நீங்க குழிக்குள்ள இறங்கி நிண்டு வேல செஞ்சிக்கொண்டிருந்தீங்க, மேலெல்லாம் மண்ணு. எனக்காகத்தானே. அந்த நேரத்தில போய், காக்கா எனக்கு வீடு வேணாம், படிக்கப் போறன் எண்டு எப்பிடிச் சொல்ற?”

அன்று அவள் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தது எனக்கு நினைவிருந்தது. மேசனுக்கு இரண்டாம் தரம் கொடுத்தது, எனக்கு வாழைப்பழம் உரித்துத் தந்தது, எல்லாம் நினைவிருந்தது.

“இப்பவும் போகலாமே” என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“அதுக்குச் சேருற வயசெல்லை முடிஞ்சிட்டு, காக்கா. ரெண்டு வருசமாகிது.” அவள் கதிரையை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “எழுதுங்க. போறன் எண்டே எழுதுங்க.”

எழுதினேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். வெள்ளைச் சப்பாத்து வாங்கியது, விடுதியில் தெரியாத பிள்ளைகளோடு முதல் நாள் படுத்தது, வீட்டுக்கு வராமல் ஒரு மாதம் இருந்தது. எல்லாவற்றையும் எத்தனையோ தரம் யோசித்து வைத்திருந்தவள் போலச் சொன்னாள். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, அந்தக் கடிதம் எங்கே, வைத்திருக்கிறாயா என்று கேட்டேன்.

“இல்ல. கொங்கிரீட் கொட்ட முன்னம் குழிக்குள்ள போட்டிட்டன்.”

எந்தக் குழி என்று கேட்டேன். திறந்திருந்த வாசல் வழியாகக் கையை நீட்டிக் காட்டினாள். கடல் பக்கத்து மூலை. அதற்கு மேலே நான் எழுப்பிய சுவர் நிற்கிறது. அவளுடைய அறைக்கென்று நான் விட்ட சன்னல் அந்தச் சுவரில்தான் இருக்கிறது.